முப்பத்திரண்டு பல்

எங்கள் ஊரில் மேடு கிடையாது. ரயில்வே மேம்பாலத்தை மேடு என்று ஒப்புக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரைக்கும் கடலும் உப்பளமும் ஒரே மட்டத்தில்தான் கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, மலையேறுத வண்டில போடுவாங்கள்லா, சின்னப் பல்சக்கரம், அத இதுல மாட்டித் தாங்க" என்றால் நான் என்ன நினைப்பேன்? வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வாரம் ஆறு நாள் பெட்டி மேய்க்கிற வேலை, ஏழாம் நாள் சைக்கிள். டாக்டர் நடக்கச் சொன்னார், நான் சொல்பேச்சு கேட்காமல் சைக்கிள் வாங்கினேன். அப்புறம் நாலு பேர் சேர்ந்தார்கள், பத்தானார்கள், ஒரு வாட்ஸப் குழு, ஒரே நிறத்தில் சட்டை என்று எல்லாக் கூத்தும் ஆனது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் எல்லார் வண்டியும் என் வீட்டு ஷெட்டில் வந்து விழும். இப்போது எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. குழுவும் போச்சு. சின்னப் பல்சக்கரம் கேட்டு வந்த அந்த அக்காவும் ஊரில் இல்லை, நாசரேத்தில் தங்கை வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. இதை எழுத உட்காரவே அலுப்பாக இருக்கிறது. எழுதாமல் சுமந்துகொண்டு திரிவது அதைவிட அலுப்பு.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, வயதில் என்னைவிட ஆறேழு குறைவு. குழுவில் எல்லாரும் அக்கா என்றதால் எனக்கும் அப்படியே வாயில் நின்றுவிட்டது.

அவர் கொண்டுவந்தது கிராவல் பைக். தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் சேர்த்துச் செய்தது. கைப்பிடி ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் மட்டும் அகலம். எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் டிப்பர் லாரியில் அடிக்கிற செம்மண். "கிராவல் அடிக்கதுக்கு சைக்கிளா? ஒரு நாளைக்கு எத்தன நடை அடிப்பீங்க?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கில் ஒரு பல்சக்கரம் இருக்கிறதல்லவா, அதில் பல் கூடினால் வேகம் வரும், ஆனால் மிதிக்கக் கனம். பல் குறைந்தால் மிதிக்க லேசு, வேகம் வராது. சாஸ்திரம் அவ்வளவுதான். அந்த வண்டியில் இருந்தது நாற்பத்தாறு பல். அக்கா கேட்டது முப்பத்திரண்டு.

"இது சமதரைம்மா. முப்பத்திரண்ட வச்சா சும்மா சுத்திக்கிட்டே கெடக்கணும். வண்டி நகராது."

"போம்போது நகராது அண்ணாச்சி. திரும்பி வாரப்ப?"

"திரும்பி வாரப்பவும் அதே ரோடுதான?"

"ரோடு அதேதான். காத்து?"

ஆனி பிறந்தால் எங்கள் ஊரில் தென்மேற்கிலிருந்து மேல்காற்று கிளம்பிவிடும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வடக்கே வேம்பார் பக்கம் போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்புகிறவனை மூஞ்சியில் அறையும். நாங்கள் பத்துப் பேரும் போகிற வேகத்தை போனில் படம் பிடித்துக் குழுவில் போட்டுக்கொள்வோம். திரும்பி வந்த வேகத்தை ஒருத்தனும் போட்டதில்லை. காற்று தள்ளியதையெல்லாம் எங்கள் தொடை பலம் என்று நம்பி, பெரிய பெரிய பல்சக்கரமாக வாங்கி மாட்டிக்கொண்டிருந்தோம். சமதரைக்காரனுக்கே உரிய புத்திகேடு இது.

சக்கரம் மட்டுமல்ல, கிராங்க்கின் கையும் குட்டையாக வேண்டும் என்றார். முட்டி அவ்வளவு மடங்காது, இடுப்பும் ஆடாது என்பது கணக்கு. "நாரி புடிச்சிரக்கூடாது அண்ணாச்சி. வீட்ல வேலை இருக்கு."

வீட்டில் வேலை என்றால் சமையலும் துணியும் இல்லை. அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். ஆள் ஆறடி. வண்டியே அவர் தனக்காக வாங்கியது. ரெண்டு மாதம் ஓட்டினார், அப்புறம் படுத்துவிட்டார். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்து, கக்கூசுக்குக் கொண்டுபோய், மறுபடி தூக்க வேண்டும். அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் துணைக்கு ஒரு அம்மாள் வருவார். ஞாயிற்றுக்கிழமையும் காலை ஐந்துக்கு வந்துவிட்டு, பத்து மணிப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய்விடுவார். அந்த ஐந்து மணி நேரம்தான் வாரத்தில் அக்காவுக்கென்று இருந்தது. பத்துக்கு வீட்டில் நிற்க வேண்டும். வந்து நின்றால் மட்டும் போதாது, ஆறடி ஆளைத் தூக்குகிற தெம்பும் மிச்சம் இருக்க வேண்டும். இதற்குத்தான் முப்பத்திரண்டு பல்.

வேலை துறைமுகச் சாலையில் ஒரு எடை மேடையில். லாரி ஏறி நிற்கும், இவர் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருந்து எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பார். "யக்கா, நம்ம வண்டி காலி எடை ஒங்களுக்குத் தெரியாததா? பழசயே போட்டு விடுங்க" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "நேத்து எடை நேத்தோட. ஏறி நில்லுங்க" என்பார். சீட்டைக் கையில் கொடுக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி: "திரும்பி வாரப்ப லோடு உண்டா?" அவர்களுக்கு உண்டோ இல்லையோ, இவருக்கு என்ன? ஆனாலும் கேட்பார்.

எங்கே போனாலும் ஸ்கூட்டரை வாசல் பார்த்துத் திருப்பித்தான் நிறுத்துவார். கல்யாண வீட்டில் செருப்பை ஓரமாக, கூட்டம் மிதிக்காத இடத்தில், கால் நுழைக்கிற வாக்கில் கழற்றிப் போடுவார். சைக்கிளில் போகும்போது கடலை மிட்டாயைப் பாதி கடித்து மீதியைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பார். தண்ணீரும் பாதிதான் குடிப்பார். "கொல்லுதே தாகம், குடிங்கம்மா" என்றால், "கொல்லட்டும், இன்னும் திரும்பலல்லா" என்பார்.

சில நேரம் எரிச்சலாகக்கூட வரும். என் மகள் கல்யாணமாகி கனடா போனாள். வீடு நிறைய ஆள், ஆளாளுக்கு வாழ்த்து. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பி வாரதுக்கு டிக்கெட் போட்டாச்சாம்மா?" என்று கேட்டார். என் மனைவி அன்றைக்கு விட்ட கண்ணீர் கொஞ்சமில்லை. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா அவளுக்கு?" என்று ஒரு மாதம் அக்காவோடு பேசவே இல்லை. இதில் அக்கா சொன்னது ஒன்றும் பொய்யில்லை. நாலு வருஷமாகிறது, மகள் இன்னும் வரவில்லை.

குழுவில் அக்காவுக்கு வைத்த பெயர் தையல் மிஷின். சின்னப் பல்சக்கரம் என்பதால் கால் படபடவென்று சுற்றும், வண்டி அதன் பாட்டில் ஊரும். ஐந்து மணிக்கு எல்லாரும் சேர்ந்து கிளம்புவோம், உப்பளம் தாண்டுமுன்னே அவர் பின்தங்கிவிடுவார். "ஏலே, வழி விடுங்கல, தையல் மிஷின் வருது." "யக்கா, ஒரு ஜாக்கெட் முடிஞ்சிருச்சா?" வாய் சும்மா இருக்காது எங்கள் பயல்களுக்கு. அக்கா மூச்சிரைக்காமல் பதில் சொல்வார்: "ஒங்க துணியத்தான் தச்சுக்கிட்டு வாரேன். திரும்பி வாரப்ப கிழியும்லா, அப்ப வேணும்."

கிழியத்தான் செய்தது. சின்னத் தூரம் போகிற வாரங்களில் திரும்பும்போது பார்க்க வேண்டுமே. நாங்கள் பத்துப் பேரும் குனிந்து, முக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டுவோம். அக்கா அதே படபட காலோடு, நிமிர்ந்த தலையோடு, ஒவ்வொருத்தனாகத் தாண்டிப் போவார். திரும்பிப் பார்த்துச் சிரிக்கமாட்டார். சிரித்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு வேம்பார். அங்கே கடலை முதுகுக்கு வைத்து ஒரு படம் எடுப்போம். அந்தப் படத்தில் அக்கா இருந்ததே இல்லை. ஏழு மணி அடித்தால் எங்கே இருக்கிறாரோ அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவார். நாலு கிலோமீட்டர்தான் பாக்கி என்றாலும் சரி, திருப்பினால் திருப்பினதுதான்.

ஒருநாள் டயர் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் தலையணையில் சாய்ந்து, இடது கையால் போனைப் பிடித்துக் குழுவின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வேம்பார் படம் வந்ததும் நிறுத்தி, அக்காவைப் பார்த்தார்.

"நீ... எங்க?"

"நான் வழியில வந்துக்கிட்டு இருந்தேன்."

வாசலுக்கு வந்ததும் அக்கா சொன்னார்: "ஒவ்வொரு மாசமும் இதே கேள்விதான் அண்ணாச்சி. என்னைய அதுல தேடித் தேடிப் பாக்காரு."

அப்போது என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. "ஒரே ஒரு நாளைக்கு அந்த நாற்பத்தாற மாட்டிருவோம்மா. ஆறே முக்காலுக்கு வேம்பார். ஒரு படம். ஏழு மணிக்குத் திரும்பிரலாம். ஒங்க கணக்கும் தப்பாது" என்றேன்.

"திரும்பி வாரப்ப?"

"நான் இருக்கேன்லா? எனக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே வாங்க. காத்த நான் வாங்கிக்கிடுதேன்."

அக்கா உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு நாளைக்குத்தான அண்ணாச்சி" என்றார். எதற்கும் மசியாத மனுஷி அது. என் பேச்சை நம்பி மசிந்தார். சனிக்கிழமை சாயங்காலம் என் கையாலேயே பழைய கிராங்க்கை மாட்டி, நீளச் செயின் போட்டு, போல்ட்டை முறுக்கிக் கொடுத்தேன்.

ஆடி மாதம். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நாங்களும் பறந்தோம். அக்கா அன்றைக்குப் பின்தங்கவில்லை. வைப்பாறு தாண்டி என்னையே முந்திக்கொண்டு போனார். "ஏலே, தையல் மிஷினுக்கு அண்ணாச்சி மோட்டார் மாட்டிட்டாருல!" என்று பயல்கள் கூச்சல் போட்டார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு முன்னால் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. சொன்ன நேரத்துக்கு வேம்பார். படத்தில் அக்காதான் நடுவில், ஹெல்மெட் கோணிக்கொண்டு, பல் அத்தனையும் தெரிய. அங்கேயே நின்று வீட்டுக்காரருக்கு அனுப்பினார்.

ஏழு மணிக்குத் திரும்பினோம். பயல்கள் அவரவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார்கள். நான் சொன்ன சொல்படி அக்காவுக்கு முன்னால் நின்று காற்றை வாங்கினேன். எவ்வளவு நேரம்? முக்கால் மணி நேரம். அதற்குள் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. மிதித்தால் உயிர் போகிறது. "நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க" என்று அக்கா முன்னால் வந்தார். எனக்கு அவர் காற்றை மறைத்தார்! வெட்கம்கெட்டவன் நானும் பின்னால் ஒண்டிக்கொண்டு போனேன். பின்சக்கரத்துப் பல்லில் ஆக லேசானதில்தான் அவர் செயின் ஏற்கெனவே கிடந்தது, அதற்குக் கீழே இறக்க ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு பல்லை அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு சுற்று சுற்றுவதற்கு எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. வைப்பாறுக்கு இந்தப்புறம் அவருக்கு ரெண்டு தொடைச் சதையும் இறுகிக் கொண்டிபோட்டு இழுத்துவிட்டது. வண்டியோடு சரிந்து ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்தார். அப்போதே மணி பத்து ஆகிவிட்டது.

துணைக்கு இருக்கும் அம்மாளுக்கு போன் போட்டார். அணைந்து கிடந்தது. பத்தேகாலுக்கு வீட்டுக்காரருக்கே போட்டார். அவர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நல்லா... இருக்கேன். மெதுவா... வா."

"நல்லாருக்காராம் அண்ணாச்சி" என்று அக்கா முகம் தெளிந்தார். எனக்கும் உயிர் வந்தது. "பாத்தியளா, இதுக்குப்போய் பயந்திய" என்று நான் ஒரு வார்த்தை வேறு பேசினேன். அப்புறம் ஒரு மீன் வண்டிக்காரர் இரக்கப்பட்டு, ஐஸ் பெட்டிகளுக்கு மேலே ரெண்டு சைக்கிளையும் கட்டி, எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. அந்த அம்மாளை நான் குற்றம் சொல்லமாட்டேன். "மூணு வருசத்துல அக்கா ஒரு நா பிந்துனதில்லயே. வந்திருவாவன்னுதான் கதவச் சாத்திட்டுப் போனேன்" என்று பின்னால் அழுதார். கோயிலில் இருந்ததால் போனை அணைத்து வைத்திருந்தாராம்.

வீட்டுக்காரர் கக்கூஸ் நிலைப்படிக்கு அருகே தரையில் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. விழாத பக்கத்துக் கையை ஊன்றித் தானாகவே எழுந்து போகப் பார்த்திருக்கிறார். எங்களோடு போனில் பேசினபோதே தரையில்தான் கிடந்தார். நல்லா இருக்கேன், மெதுவா வா என்று தரையில் கிடந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

அக்கா குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தொடை மறுபடி இழுத்துக்கொண்டது. முடியவில்லை. மூன்று வருஷம் தினமும் தூக்கின ஆளை அன்றைக்கு அவரால் தூக்க முடியவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன், என் முழங்கால் மடங்கவே இல்லை. ரெண்டு பேரும் அவரைத் தூக்க முடியாமல் அவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். வேம்பார் படம்.

"நடுவுல... நிக்க."

"ஆமா, நடுவுலதான் நிக்கேன்" என்றார் அக்கா. அதுவரைக்கும் அழாமல் இருந்தவர், அதைச் சொல்லி முடிக்கவும் உடைந்துபோனார். கோயில் விட்டு வந்த பக்கத்து வீட்டு ஆட்கள்தான் வந்து அவரைத் தூக்கினார்கள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்தார்கள். அப்புறம் அவர் உட்காரவே இல்லை. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, கார்த்திகையில் போய்விட்டார்.

அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நாந்தான் மாட்டித் தரச் சொன்னேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாராம். அடக்கத்துக்குப் போனபோதும், "சாப்ட்டியளா அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார். ஒம்மாலதான்யா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? அவர் வீட்டு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன். யார்டுக்குச் சுற்றுப்பாதையில் போனேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஷெட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அக்கா. நாற்பத்தாறை நான் அவர் வீட்டுக்காரர் விழுந்த வாரமே கழற்றிவிட்டு முப்பத்திரண்டை மாட்டிக் கொடுத்துவிட்டேன், அது அப்படியேதான் இருந்தது. ஆள் மெலிந்திருந்தார். குழுவோடு வருவதில்லையே தவிர, தனியாக ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இதுக்கும் சின்னது இருக்கா அண்ணாச்சி?"

"இன்னும் சின்னதா? எதுக்கும்மா? இப்பம் ஒங்களுக்குப் பத்து மணிக் கணக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எத்தனை பட்டாலும் இந்த வாய் திருந்தாது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "போறது சும்மா போயிருது அண்ணாச்சி. எங்கன நிறுத்தணும்னே தெரியல. போன வாரம் வேம்பாருக்கே போயிட்டேன்."

"பொறவு?"

"திரும்புததுக்குத்தான் காலே வரமாட்டேங்கு. அங்கனயே மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து நான் என்னத்தத் தூக்கப்போறேன்?"

பெட்டியைக் கொட்டித் தேடினேன். இருபத்தெட்டுப் பல்லில் ஒன்று கிடந்தது. அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மாட்டி முடிக்கிற வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.